மழை நாள்ல செயின்ட் ஜான் சுத்திப் பார்க்கறது எப்படி: விசா, டைட் டேபிள், பார்க்கிங், செலவு

கனடாவுல நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல, ஃபண்டி விரிகுடா ஓரமா இருக்கிற ஊரு செயின்ட் ஜான். இங்க வர்றவங்க முக்கால்வாசி பேர் வர்றது கடல் ஏறி இறங்குறதை, அதாவது டைட்டைப் பார்க்கத்தான். துறைமுகத்துலயே பெரிய டைட் வர்ற நாள்ல தண்ணி எட்டு மீட்டருக்கு மேல ஏறும், இறங்கும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நம்ம மெரினாவுல இந்த வித்தியாசம் ஒரு மீட்டர் பக்கம்தான், அதனால நமக்கு இதெல்லாம் பழக்கமே கிடையாது, கடல்னா எப்பவும் இருந்த இடத்துலயே இருக்கும்னுதான் நினைப்போம்.

பிரச்னை என்னன்னா இந்த ஊர்ல மழையும் மூடுபனியும் சொல்லிக்காம வரும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தப்ப வந்து இறங்கினதுல இருந்து விடாம மழை, எங்க போறதுன்னு தேடினா ஒரு சைட்ல டைட் நேரம், இன்னொண்ணுல பழைய மியூசியம் அட்ரஸ், வேற எங்கயோ பார்க்கிங்னு ஆளுக்கொரு பக்கம் கிடக்குது, பாதி பழைய தகவல் வேற. மழையில நாள் வீணாகும்னு எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா டைட் மழையைப் பார்த்து நிக்கறதில்ல, அதை மட்டும் சரியா கணக்கு பண்ணிட்டா மீதி நேரத்தைக் கூரைக்குக் கீழயே ஓட்டிடலாம். வரிசையா எழுதறேன், நீங்க புதுசா வந்தவங்களா இருந்தா முதல் ரெண்டையும் தாண்டிப் போயிடாதீங்க, காசு போறது அங்கதான்.

## 1. எந்த ஊருக்கு டிக்கெட் போடுறீங்கன்னு பாருங்க

செயின்ட் ஜான் வேற, செயின்ட் ஜான்ஸ் வேற. கடைசில ஒரு "ஸ்" கூட இருந்தா அது நியூஃபவுண்ட்லேண்ட் தீவுல இருக்கிற ஊரு, நடுவுல கடல் இருக்கு, பஸ் பிடிச்சு வந்துடலாம்னு எல்லாம் நடக்காது. ஃப்ளைட் புக் பண்ணும்போது ஏர்போர்ட் கோடைப் பாருங்க. நமக்கு வேண்டியது வொய்.எஸ்.ஜே. (YSJ). வொய்.வொய்.டி. (YYT)ன்னு வந்தா அது செயின்ட் ஜான்ஸ். ஹோட்டலுக்கும் இதே கதைதான், மாகாணத்தோட பேரைப் படிச்சுட்டு காசு கட்டுங்க.

ட்ரெயின்ல வரலாம்னு யோசிக்கிறவங்களுக்கு: இந்த ஊருக்கு பாசஞ்சர் ட்ரெயினே இல்லை. மான்ட்ரியல்ல இருந்து ஹாலிஃபாக்ஸ் போற வண்டி மாங்க்டன்ல நிக்கும், அங்க இறங்கி பஸ்ஸோ காரோ பிடிச்சு ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா வரணும்.

டைம் சோன் இன்னொண்ணு. டொரன்டோவை விட ஒரு மணி நேரம் முன்னாடி. இதைச் சும்மா தகவல்னு விட்டுடாதீங்க, டைட் பார்க்கப் போறவங்களுக்கு ஒரு மணி நேரம்னா தண்ணி ரெண்டு மீட்டர் வரைக்கும் மாறியிருக்கும். கார்ல வர்றவங்க கார் கடிகாரத்தை நம்பாதீங்க, போனைப் பாருங்க.

## 2. டாக்குமென்ட்ஸ்: கூகுள் மேப் உங்களை அமெரிக்காவுக்குள்ள கூட்டிட்டுப் போகும்

இது ரொம்ப முக்கியம். டொரன்டோ, மான்ட்ரியல்ல இருந்து கார்ல கிளம்பி மேப்ல செயின்ட் ஜான்னு போட்டீங்கன்னா, அது காட்டுற குறுக்கு வழி மெய்ன் மாநிலத்துக்குள்ள புகுந்து வரும், அதாவது அமெரிக்கா. ஸ்டடி பர்மிட், ஒர்க் பர்மிட்ல இருக்கிற இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரங்களுக்கு அமெரிக்க விசா இல்லைன்னா பார்டர்ல திருப்பி விட்டுடுவாங்க. பி.ஆர். கார்டு (கனடா நிரந்தர வசிப்பு கார்டு) இருந்தாலும் அதே பாஸ்போர்ட்னா விசா வேணும், கனடா பி.ஆர்.னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க.

கிளம்பும்போதே மேப்ல எட்மன்ஸ்டன், ஃப்ரெடரிக்டன்னு நடுவுல ரெண்டு ஊரைச் சேர்த்துடுங்க. கியூபெக்ல ரிவியேர் டு லூப் வரைக்கும் வந்து அங்க தெற்க திரும்புற வழி அது, முழுக்க கனடாவுக்குள்ளயே. மான்ட்ரியல்ல இருந்து ஒன்பது மணி நேரம் மாதிரி ஆகும், மெய்ன் வழியை விட ஒரு மணி நேரம் கூட. ராத்திரில ஓட்டாதீங்க, நியூ பிரன்ஸ்விக் ஹைவேல மூஸ்னு ராட்சச மான் குறுக்க வரும், அது நம்ம ஊர் மான் மாதிரி சின்ன மிருகம் இல்லை, அடிச்சா கார் முன்கண்ணாடி மேலயே வந்து விழும்.

அமெரிக்காவுல இருந்து வர்றவங்க, பாஸ்டன் பக்கத்துல இருந்து நிறைய பேர் லாங் வீக்எண்டுக்கு வர்றாங்க, கவனிங்க. கிரீன் கார்டு இருந்தா பாஸ்போர்ட்டும் கார்டும் போதும், கனடா விசா தேவையில்லை. எச்-1பி (வேலை விசா), எஃப்-1 (படிப்பு விசா)ல இருக்கிற இந்திய பாஸ்போர்ட்னா கனடா விசிட்டர் விசா கண்டிப்பா வேணும். விசா ஃபீஸ் 100 கனடியன் டாலர், பயோமெட்ரிக்ஸ் 85, வர்றதுக்கு எவ்ளோ நாள் ஆகும்னு அப்ளை பண்ற அன்னைக்கு அரசாங்க சைட்லயே பார்த்துட்டுப் போடுங்க. திரும்பி அமெரிக்காவுக்குள்ள போறதுக்கு உங்க பாஸ்போர்ட்ல இருக்கிற அமெரிக்க விசா ஸ்டாம்ப் செல்லுமாங்கறதையும் கிளம்பறதுக்கு முன்னாடியே பார்த்துக்குங்க, பார்டர்ல நின்னு வக்கீலுக்குப் போன் பண்ற நிலைமை வேண்டாம். அமெரிக்கப் பக்கம் பார்டர் ஊரான கேலிஸ்ல இருந்து பாலம் தாண்டி கனடாப் பக்கம் செயின்ட் ஸ்டீபன் வந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி போயிடும், அங்கிருந்து செயின்ட் ஜான் ஒரு மணி நேரம்தான்.

க்ரூஸ் கப்பல்ல வர்றவங்களுக்கும் விசா விதி அதேதான், கப்பல்ல இருந்து சும்மா ஒரு நாள் இறங்குறோம்னு தப்பிக்க முடியாது.

உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு போட்டோ ஐடி போதும், ஆனா புதுசா வந்தவங்க பாஸ்போர்ட்டும் பர்மிட்டும் கையில வச்சுக்கறது நல்லது. ரென்டல் கார் எடுக்கறதா இருந்தா ஓட்டுறவர் பேர்ல கிரெடிட் கார்டு வேணும், டெபாசிட் பிடிச்சு வைப்பாங்க, டெபிட் கார்டை நிறைய இடத்துல ஏத்துக்க மாட்டாங்க, 25 வயசுக்குக் கீழன்னா தினமும் கூடுதல் சார்ஜ். இந்திய லைசென்ஸோட வர்ற விசிட்டர்னா இன்டர்நேஷனல் பர்மிட்டை ஊர்லயே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வாங்கிட்டு வந்துடுங்க, இங்க வந்து வாங்க முடியாது.

## 3. முதல் நாள் ராத்திரியே டைட் டேபிளை எடுங்க

கனடிய அரசாங்கத்தோட டைட்ஸ் சைட்ல "செயின்ட் ஜான்"னு ஸ்டேஷன் போட்டா அன்னைக்கு ஹை டைட் (தண்ணி முழுசா ஏறி நிக்கிறது), லோ டைட் (முழுசா இறங்கி நிக்கிறது) நேரமும் உயரமும் மீட்டர்ல வரும். இலவசம்தான், இதுக்குன்னு ஆப் வாங்க வேண்டாம். மேல எந்த டைம்ல காட்டுதுன்னு பாருங்க, கோடை நேரமா, ஸ்டாண்டர்ட் நேரமான்னு. ஸ்டாண்டர்ட்னு போட்டிருந்து நீங்க கோடையில வந்திருந்தா ஒரு மணி நேரம் கூட்டிக்கணும்.

ஒரு ஹை டைட்டுக்கும் அடுத்த லோ டைட்டுக்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. தினமும் நேரம் ஐம்பது நிமிஷம் மாதிரி தள்ளிக்கிட்டே போகும், அதனால "போன வாரம் என் ஃப்ரெண்டு பத்து மணிக்குப் பார்த்தான்"ங்கிறது உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வந்தா ஏற்ற இறக்கம் இன்னும் ஜாஸ்தி. லீவு தேதியை நீங்களே முடிவு பண்ண முடியும்னா காலண்டர்ல அதைப் பார்த்துட்டுப் போடுங்க.

இப்ப கணக்கு. இந்த ஊரோட பேர்போன இடம் ரிவர்ஸிங் ஃபால்ஸ். ஃபால்ஸ்னு பேரு இருக்கே தவிர குற்றாலம் மாதிரி மேல இருந்து கொட்டாது. செயின்ட் ஜான் ஆறு குறுகலான பாறை இடுக்கு வழியா கடலுக்குப் போற இடம். லோ டைட் சமயத்துல ஆறு கடலை நோக்கிப் பாயும், ஹை டைட் வரும்போது கடல் மட்டம் ஆத்தை விட உசந்து தண்ணி ஆத்துக்குள்ள திரும்பி ஓடும். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம், இருபது நிமிஷம் மாதிரி, எந்தப் பக்கமும் போகாம அமைதியா நிக்கும், படகெல்லாம் அப்பதான் கடக்கும்.

அந்த அமைதி நேரம் துறைமுகத்துல ஹை டைட் அடிக்கிற அதே நேரம் கிடையாது. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. துறைமுக ஹை டைட்டுக்கு அப்புறம் 2 மணி 25 நிமிஷம், லோ டைட்டுக்கு அப்புறம் 3 மணி 50 நிமிஷம், இந்த ரெண்டையும் எழுதி வச்சுக்குங்க. உதாரணத்துக்கு ஹை டைட் காலைல 9:00, லோ டைட் மதியம் 3:15னு வைங்க:

- காலை 9 மணி: தண்ணி ஆத்துக்குள்ள தலைகீழா ஓடும், இதைத்தான் எல்லாரும் பார்க்க வர்றது
- 11:25 பக்கம்: அமைதி, அதுக்கப்புறம் திசை மாறும்
- மதியம் 3:15: கடலை நோக்கி வேகமா, நுரையும் சுழலுமா
- ராத்திரி 7:05 பக்கம்: மறுபடி அமைதி, பிறகு தலைகீழ்

ஒரு தடவை மட்டும் போய் அஞ்சு நிமிஷம் நின்னுட்டு "ஆறு ஓடுது, சரி, இதுல என்ன இருக்கு"ன்னு திரும்புறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். குறைஞ்சது ரெண்டு தடவை போகணும், ஹை டைட் பக்கம் ஒண்ணு, லோ டைட் பக்கம் ஒண்ணு. இந்த உதாரண நாள்ல அது காலையும் மதியமும், கீழ நான் காலை, மதியம்னு சொல்றதெல்லாம் இதே கணக்குதான், உங்க நாளுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. அப்டவுன்ல இருந்து கார்ல அஞ்சு பத்து நிமிஷம்தான். ஆமா, இங்க ஊர் நடுவை டவுன்டவுன்னு சொல்ல மாட்டாங்க, அப்டவுன்னுதான் சொல்லுவாங்க, வழி கேக்கும்போது குழம்பாதீங்க.

ஏப்ரல், மே மாசத்துல வர்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனி உருகி ஆத்துல வெள்ளம் வர்ற நேரம் அது, ஆறு அவ்ளோ உசந்து இருக்கிறதால கடலால அதைத் திருப்ப முடியாம எப்பவும் ஒரே பக்கமா ஓடிட்டே இருக்கும். தலைகீழா ஓடுறதைப் பார்க்கணும்னே வர்றீங்கன்னா ஜூன் பாதிக்கு மேல வாங்க.

## 4. காலைல ரிவர்ஸிங் ஃபால்ஸ், எங்க நிக்கறது

மூணு இடம் இருக்கு. பாலத்துக்குப் பக்கத்துல ஸ்கைவாக்னு கண்ணாடித் தரையோட ஒரு மேடை, டிக்கெட் உண்டு. வெயில் நாள்னா போங்க. மழையில கண்ணாடி மேல தண்ணி நின்னு கீழ ஒண்ணும் தெளிவா தெரியாது, அதுக்குக் காசு தரணுமான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. நான் தர மாட்டேன்.

ஃபால்ஸ்வியூ பார்க் இலவசம், பார்க்கிங்கும் இலவசம், தண்ணிக்கு ரொம்பப் பக்கம், சுழல் போடுற சத்தமே கேக்கும். எதிர்ப்பக்கம் வெஸ்ட் சைட்ல வொலாஸ்டோக் பார்க் மேட்டுல இருக்கு, அங்கிருந்து முழு வளைவும் தெரியும். வயசானவங்களைக் கூட்டிட்டு மழையில போறீங்கன்னா ஃபால்ஸ்வியூல வண்டியை நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் இறங்கிப் பார்த்துட்டு ஏறிடுங்க, திரும்ப மதியம் வரத்தான போறோம்.

போட்டோல காட்ட மாட்டாங்க, நான் சொல்லிடறேன், எதிர்ல பெரிய காகிதக்கூழ் ஆலை ஒண்ணு புகை விட்டுக்கிட்டு நிக்கும், காத்து இந்தப் பக்கம் அடிச்சா வாசனையும் வரும். இயற்கை எழில் மட்டும் இருக்கும்னு நினைச்சு வந்து மூஞ்சி சுளிக்காதீங்க. மரக்கட்டை மிதந்து வந்தா அதையே கண்ணால தொடர்ந்து பாருங்க, தண்ணி எந்தப் பக்கம் போகுது, எங்க சுழலுதுங்கறது அதுல புரியுற அளவுக்கு வேற எதுலயும் புரியாது.

குடை எடுத்துட்டு வராதீங்க. இங்க அடிக்கிற காத்துல குடை மடங்கிக் கம்பி வெளிய வந்துடும், தலை மூடுற ரெயின்கோட்தான் சரி. ஜூலைன்னாலும் ஒரு ஸ்வெட்டர் உள்ள போட்டுக்குங்க, ஃபண்டி தண்ணி ஐஸ் மாதிரி, அது மேல வர்ற காத்தும் அப்படித்தான்.

## 5. மழை கொட்டும்போது: மார்க்கெட்டும் பெட்வேயும்

அமைதி நேரம் முடிஞ்சு லோ டைட் வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் கிடைக்கும். இதுக்குத்தான் அப்டவுன்.

சிட்டி மார்க்கெட், சார்லட் ஸ்ட்ரீட்ல. 1876ல கட்டின கட்டடம், உள்ள போனதும் முதல்ல மேல பாருங்க, கப்பலைக் கவுத்துப் போட்ட மாதிரி மரக் கூரை. தரை சரிவா இறங்கிட்டே போகும், வீல்சேர், ஸ்ட்ரோலர் கொண்டு வர்றவங்க மேல்பக்க வாசல்ல நுழைஞ்சு கீழ வாங்க, ஏறுறதை விட இறங்குறது சுலபம். மீன், காய்கறி, சீஸ், சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. சாயங்காலமே மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழமையை நம்பி வராதீங்க, திறந்திருக்கான்னு பார்த்துட்டு வாங்க.

இங்க டல்ஸ்னு ஒண்ணு விப்பாங்க. கருஞ்சிவப்பு நிறத்துல காஞ்ச கடல்பாசி, பக்கத்துல கிராண்ட் மனான் தீவுல இருந்து வருது. இந்த ஊர்க்காரங்க அதைப் பாக்கெட் பாக்கெட்டா சிப்ஸ் மாதிரி கொறிப்பாங்க. கடைக்காரர் ஒரு துண்டு சாம்பிள் தந்தார், அம்மா வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னு பார்த்துட்டு, "என்னடா இது, கருவாட்டுச் சட்டியை நக்கின மாதிரி இருக்கு, ஆனா சைவமாமே"ன்னாங்க. அப்பா ஒரு பாக்கெட் வாங்கிட்டார், மோர்சாதத்துக்குத் தொட்டுக்க நல்லா இருக்காம். முதல்ல சாம்பிள் கேளுங்க, பிடிச்சா மட்டும் வாங்குங்க.

சைவம்னா இங்க கொஞ்சம் திண்டாட்டம்தான். சௌடர்னு போர்டு பார்த்து சூப்தானேன்னு வாங்கிடாதீங்க, அதுல மீன், சிப்பி, சில கடைல பன்றி பேக்கனும் இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. அப்டவுன்லயே இந்தியன் ரெஸ்டாரன்ட் இருக்கு, பெரிசா எதிர்பார்க்காதீங்க, பசிக்குப் போதும். அசைவம் சாப்பிடுறவங்களுக்குக் கவலையே இல்லை, லாப்ஸ்டர் ரோலும் ஸ்காலப்பும் இங்க சாப்பிடாம வேற எங்க சாப்பிடப் போறோம்.

மார்க்கெட்ல இருந்து வெளிய கால் வைக்காமலே நடக்கிற மாதிரி கட்டடத்துக்குக் கட்டடம் மூடின நடைபாலம் போட்டு வச்சிருக்காங்க, இன்சைட் கனெக்ஷன்னு பேரு, எல்லாரும் பெட்வேன்னுதான் சொல்றாங்க. சிட்டி மார்க்கெட், பிரன்ஸ்விக் ஸ்கொயர், சிட்டி ஹால், மார்க்கெட் ஸ்கொயர்னு துறைமுகம் வரைக்கும் நனையாம போயிடலாம். வழி போர்டு கொஞ்சம் குழப்பும், சந்தேகமா இருந்தா "மார்க்கெட் ஸ்கொயர் எந்தப் பக்கம்"னு யாரையாவது கேளுங்க, இந்த ஊர்ல நின்னு கூட வந்து காட்டிட்டுப் போவாங்க. வெளிய நடந்தா கிங் ஸ்ட்ரீட் செம சரிவு, மழையில வழுக்கும், முட்டிவலி இருக்கிறவங்களுக்கு பெட்வே ஒரு வரப்பிரசாதம்.

மார்க்கெட் ஸ்கொயர்ல பப்ளிக் லைப்ரரி இருக்கு. குழந்தைகளோட வந்தா அங்க உக்காந்துடுங்க, வை-ஃபை, டாய்லெட், சூடு எல்லாம் இலவசம். கார்டு எல்லாம் கேக்க மாட்டாங்க.

இப்ப பெரிய பொறி: நியூ பிரன்ஸ்விக் மியூசியம். பழைய கைடு எல்லாத்துலயும் மழை நாளுக்கு மார்க்கெட் ஸ்கொயர்ல இருக்கிற மியூசியத்துக்குப் போங்க, திமிங்கல எலும்புக்கூடு பாருங்கன்னு எழுதியிருக்கும். அந்த இடத்தை மூடியாச்சு. டக்ளஸ் அவென்யூல புதுக் கட்டடம்னு வேலை ஆரம்பிச்சாங்க, அதனால மியூசியத்தை நம்பி பிளான் போடுறவங்க அவங்க சொந்த சைட்ல திறந்திருக்கான்னு பார்த்துட்டு மட்டும் போங்க, பழைய ரிவ்யூவைப் படிச்சுட்டுப் போகாதீங்க.

பார்க்கிங்: தெருவோர மீட்டருக்கு ஹாட்ஸ்பாட்னு ஆப், முதல் நாளே போன்ல போட்டு கார் நம்பரையும் கார்டையும் ஏத்திடுங்க, மழையில நின்னு டைப் பண்றது கொடுமை. அன்னைக்குப் பெரிய மழைன்னா மீட்டரே வேண்டாம், மார்க்கெட் ஸ்கொயருக்குக் கீழ கார் பார்க் இருக்கு, நேரா உள்ள போய் பெட்வேல ஏறிடலாம். செப்டம்பர், அக்டோபர்ல இலை நிறம் மாறுற சீசனுக்கு க்ரூஸ் கப்பல் நிறைய வரும், கப்பல் நிக்கிற அன்னைக்கு மார்க்கெட்ல மதியம் கால் வைக்க இடம் இருக்காது, துறைமுகத்தோட கப்பல் அட்டவணையைப் பார்த்துட்டு சாப்பாட்டு நேரத்தை முன்ன பின்ன மாத்திக்குங்க.

## 6. லோ டைட் நேரம்: பக்கத்துலயே பாக்கறதா, செயின்ட் மார்ட்டின்ஸ் போறதா

மழை வலுவா இருந்தா ஊரை விட்டே போக வேண்டாம். மார்க்கெட் ஸ்கொயர் வாசல்ல இருக்கிற போர்டுவாக்குக்கு வாங்க. காலைல போகும்போது ஒரு தடவை, லோ டைட்டுக்கு ஒரு தடவை அதே இடத்துல நின்னு பாருங்க. காலைல படகுத்துறைக்குப் போற இரும்புச் சாய்பாலம் கிட்டத்தட்ட மட்டமா கிடக்கும், தண்ணி கைக்கு எட்டுற மாதிரி. மதியம் வந்தா அதே பாலம் ஏணி மாதிரி செங்குத்தா கீழ தொங்கும், மிதவை எங்கயோ பள்ளத்துல கிடக்கும், தூண்ல பாதிக்குக் கீழ கறுப்பா பாசியும் சிப்பியும் ஒட்டிக்கிட்டு தண்ணி சொட்டும். அப்பாவுக்கு ஃபால்ஸை விட இதுதான் நம்ப முடியல, இது வேற இடம்னு சாதிச்சார், காலைல எடுத்த போட்டோவைக் காட்டின பிறகுதான் ஒத்துக்கிட்டார். அதனால காலைல கண்டிப்பா ஒரு போட்டோ எடுங்க, கைப்பிடிக் கம்பி தெரியுற மாதிரி.

அங்கிருந்து திரும்ப ஃபால்ஸ் ஒரு எட்டு, காலைல பார்த்த அதே இடம் எதிர்ப்பக்கமா ஓடும்.

தூறல்தான்னா செயின்ட் மார்ட்டின்ஸ் போகலாம். கிழக்குப் பக்கம் 111ஆம் ரோட்ல ஏர்போர்ட்டைத் தாண்டி முக்கால் மணி நேரம். சின்ன மீன்பிடி கிராமம், மேல கூரை போட்ட மரப்பாலம், லோ டைட்ல துறைமுகம் முழுக்க வத்தி மீன்பிடிப் படகெல்லாம் சேத்துல உக்காந்திருக்கும். கொஞ்சம் தள்ளி கடற்கரையில சிவப்புப் பாறையில கடல் குடைஞ்ச குகைகள். லோ டைட்ல கூழாங்கல் மேல நடந்து குகை வரைக்கும் போகலாம், ஹை டைட்ல குகை வாய் வரைக்கும் தண்ணி. நுழைவுக் கட்டணம் கிடையாது. கடற்கரையிலேயே சௌடர் கடை இருக்கு, கண்ணாடி ஜன்னல் ஓரம் உக்காந்து குகையைப் பார்த்துக்கிட்டே சாப்பிடலாம், நனையப் பிடிக்காதவங்களை அங்க உக்கார வச்சுட்டு மத்தவங்க நடந்துட்டு வரலாம்.

இதெல்லாம் கண்டிப்பா:

லோ டைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இறங்குங்க, லோ டைட் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள்ள கரைக்கு வந்துடுங்க. தண்ணி ஒரே சீரா ஏறாது, முதல் மணி நேரத்துல மெதுவா ஏறும், மூணாவது நாலாவது மணி நேரத்துல மணிக்கு ரெண்டு மீட்டர், அதாவது ஒரு ஆள் உயரத்துக்கு மேல ஏறிடும். அலையே பெருசா இருக்காது, சத்தமில்லாம பின்னாடி வந்து நிக்கும்.

மழை பெய்யும்போதும், பெய்ஞ்சு முடிஞ்ச உடனேயும் குகைக்குள்ள போகாதீங்க, பாறைச் சுவருக்கு ஒட்டி நிக்காதீங்க. தண்ணி உள்ள இறங்கி கல் உதிரும். இதே ஃபண்டி கரையில இருக்கிற ஹோப்வெல் ராக்ஸ்ல யானைப் பாறைன்னு பேர் போன தூணே 2016ல சரிஞ்சு விழுந்துச்சு, பெரிய பாறைதானே அசையாதுன்னு நினைக்க வேண்டாம்.

செருப்பு வேண்டாம். கல் மேல பாசி வழுக்கும். நனைஞ்சாலும் பரவாயில்லன்னு ஒரு பழைய ஷூ, டிக்கில ஒரு மாத்து ஜோடி, ஒரு பிளாஸ்டிக் கவர். அந்தச் சிவப்புச் சேறு துணியில பட்டா லேசுல போகாது, ரென்டல் கார்னா சீட்ல பட்டதுக்கு க்ளீனிங் சார்ஜ் போட்டுடுவாங்க.

செயின்ட் மார்ட்டின்ஸைத் தாண்டி ஃபண்டி ட்ரெயில் பார்க்வேன்னு மலைமேல ஒரு ரோடு போகுது, அருமையான ரோடு, டிக்கெட் உண்டு, ஆனா மூடுபனி இருக்கிற அன்னைக்குப் போனா வெள்ளை சுவரைப் பார்க்கக் காசு கொடுத்த கணக்குதான். கேட்டுல நிக்கிறவங்க கிட்ட "மேல தெரியுதா"ன்னு கேட்டுட்டு டிக்கெட் எடுங்க, உண்மையைத்தான் சொல்லுவாங்க.

ஹோப்வெல் ராக்ஸ் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. பூந்தொட்டி மாதிரி பாறை நிக்குமே, அதேதான். செயின்ட் ஜான்ல இருந்து ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம், மழையில இன்னும் கொஞ்சம். இங்கயும் பார்த்துட்டு அங்கயும் ஒரே நாள்ல போகணும்னு அடிச்சுப் பிடிச்சு ஓடாதீங்க. மாங்க்டன்ல ஒரு ராத்திரி தங்கிப் போங்க, அங்க டைட் நேரம் தனி, லோ டைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடியில இருந்து மூணு மணி நேரம் பின்னாடி வரைக்கும் கடலடியில நடக்க விடுவாங்க, சீசன் மே நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான். ஹை டைட்லயும் பார்க்கணும்னா அதே டிக்கெட்ல மறுநாள் வர முடியுமான்னு கவுன்ட்டர்லயே கேட்டு ரசீதைப் பத்திரமா வச்சுக்குங்க.

## 7. மூடுபனி மட்டும் ரொம்ப அடர்த்தியா இருந்தா

ஜூன், ஜூலைல சில நாள் மழையே இருக்காது, ஆனா எதிர்ல இருக்கிற கப்பல் கூடத் தெரியாது. இதுக்கு ஒரு வழி இருக்கு, கடலை விட்டு உள்ள போங்க. ராத்ஸே, குவிஸ்பாம்ஸிஸ் பக்கம் இருபது நிமிஷம் ஓட்டினா பல நாள் அங்க வெயில் அடிக்கும், டெம்பரேச்சரும் நல்லாவே ஏறியிருக்கும். அங்க கோண்டோலா பாயின்ட்னு ஒரு இடத்துல கென்னபெக்காஸிஸ் ஆத்தைக் கடக்க மாகாண அரசாங்கமே ஃபெரி ஓட்டுது, கம்பியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற படகு, காரோட ஏறிக்கலாம், காசே கிடையாது. கார்ல உக்காந்தபடியே அக்கரை போய் அடுத்த ட்ரிப்ல திரும்பி வந்துடலாம், குழந்தைகளுக்கு இது போதும், ஸ்கைவாக்கை விட சந்தோஷப்படுவாங்க.

## 8. செலவு

ஃபால்ஸ், போர்டுவாக், லைப்ரரி, பெட்வே, செயின்ட் மார்ட்டின்ஸ் குகை, ஃபெரி எல்லாமே இலவசம். ஆக, காசு போறது கார், தங்குற இடம், சாப்பாடு மூணுலதான்.

விலைப்பட்டியல்ல போட்டிருக்கிறது வரி சேர்க்காத விலை. நியூ பிரன்ஸ்விக்ல எச்.எஸ்.டி.ங்கிற விற்பனை வரி 15 சதவீதம், உக்காந்து சாப்பிட்டா டிப் 15ல இருந்து 18 சதவீதம் எதிர்பார்ப்பாங்க. ஆக மெனுவுல 20 டாலர்னா கையில 26, 27 போகும்னு வச்சுக்குங்க. லாப்ஸ்டருக்கு சில கடைல "மார்க்கெட் பிரைஸ்"னு மட்டும் போட்டிருக்கும், எவ்ளோன்னு கேக்க வெக்கப்படாதீங்க.

பஸ்ல சுத்தறவங்க சில்லறையைச் சரியா வச்சுக்குங்க, டிரைவர் மீதி தர மாட்டார். ஞாயித்துக்கிழமை பஸ் ரொம்பக் குறைவு, செயின்ட் மார்ட்டின்ஸுக்கு சிட்டி பஸ் கிடையாது. கார் இல்லாம வர்றவங்க நாலு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு மட்டும் ரென்டல் எடுத்தா கட்டுப்படியாகும், டாக்ஸில குகைக்குப் போய்க் காத்திருக்கச் சொன்னா மீட்டர் ஓடி நெஞ்சு வலி வந்துடும்.

கோடை வீக்எண்ட்ல, க்ரூஸ் சீசன்ல ஹோட்டல் விலை ஏறிடும், ஒரு மாசம் முன்னாடியே போடுங்க, கேன்சல் பண்ணா காசு திரும்ப வர்ற ரேட்டாப் பார்த்துப் போடுங்க. திரும்பிப் போற அன்னைக்கு ஃப்ளைட்னா, காலைல முதல்ல ஜன்னலைத் திறந்து பாருங்க. மூடுபனிக்கு இந்த ஏர்போர்ட்ல ஃப்ளைட் லேட்டாகறதும் கேன்சல் ஆகறதும் சகஜம். டொரன்டோல இறங்கி சென்னைக்கோ கொழும்புக்கோ கனெக்ஷன் பிடிக்கணும்னா ரெண்டு டிக்கெட்டையும் ஒரே புக்கிங்ல போடுங்க, தனித்தனியா போட்டா முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவதைத் தவற விட்டா யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. முடிஞ்சா முந்தின நாளே டொரன்டோ போய் ஒரு ராத்திரி தங்கிடுங்க, அந்த ரூம் வாடகை புது டிக்கெட்டை விடக் கம்மிதான்.